முடி கொட்டினால் எதிர்ப்புச் சக்தியை ஏற்றலாமா?

தலையில் ஐம்பது காசு அகலத்துக்கு முடி போய்விட்டால், தெலுக் பங்லிமா காராங்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே காரணம் சொல்லப்பட்டுவிடும். முடிவெட்டும் கடைக்காரர் சொல்வார், சின்னம்மா சொல்வார், ஃபேக்டரி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருபவரும் சொல்வார்: “உடம்புல எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சு. அத ஏத்துனா முடி தானா வளந்துரும்.” ஏற்றுவதற்கான சரக்குக்கும் குறைவில்லை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பவுடர், லேகியம், தைலம், சுருள்பாசி மாத்திரை என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைக்குப் போக நேரமில்லாதவருக்கு நேரடி விற்பனைக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்.

இந்தப் பேச்சில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் முடி போனது என்பது ஒன்று. அதை ஏற்றினால் முடி வரும் என்பது மற்றது. இரண்டையும் பிரித்துத்தான் எடைபோட வேண்டும். காரணத்தைத் தவறாகச் சொல்லிவிட்டுச் சரியான மருந்தைக் கொடுத்த கதைகள் மருத்துவ வரலாற்றில் நிறைய உண்டு. ஆகவே முதல் கூற்று விழுந்தால் இரண்டாவதும் தானாக விழுந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் புழுவெட்டு. நம் பக்கம் பூச்சிவெட்டு என்றும் சொல்வோம். மருத்துவ நூல்களில் அலோபீசியா ஏரியாட்டா. வட்டமாக, வழவழவென்று, பெரும்பாலும் அரிப்பும் செதிலும் இல்லாமல் ஓர் இடம் வெறிச்சென்று ஆகிவிடும். ஓரத்தில் நிற்கும் குட்டை முடிகள் அடியில் மெலிந்தும் நுனியில் தடித்தும் இருக்கும். சிலருக்கு நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் சிறு பள்ளங்கள். புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு வட்டாரத்தின் மருத்துவப் பதிவுகளைப் பல பத்தாண்டுகளுக்குப் புரட்டியவர்கள், வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வருவதற்கான வாய்ப்பு சுமார் 2 விழுக்காடு என்று கணித்திருக்கிறார்கள். அப்படியானால் நம் தாமான்களில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவரை எதிர்பார்க்கலாம். அரிதான நோயென்று ஒதுக்கிவிட முடியாது.

உள்ளே நடப்பது என்ன? உடம்பில் சில இடங்களில் எதிர்ப்பு அணுக்கள் அடக்கி வாசிக்கும். கண்ணின் உட்பகுதி அப்படி ஓர் இடம்; வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் வேர்க்குமிழ் இன்னொன்று. வேர்க்குமிழின் அணுக்கள், தங்களை அடையாளம் காட்டும் மூலக்கூறுகளை வெளிப்புறத்தில் மிகக் குறைவாகவே வைத்திருக்கின்றன. சுற்றிலும் எதிர்ப்பைத் தணிக்கும் சுரப்புகளும் உண்டு. புழுவெட்டில் இந்தப் பாதுகாப்பு கலைந்துவிடுகிறது. சிடி8 வகை டி-அணுக்கள் வேர்க்குமிழைச் சூழ்ந்துகொள்கின்றன. அவை இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்க, அதனால் கலவரமடையும் முடிக்குழி இன்டர்லூக்கின் 15-ஐச் சுரக்க, அது மேலும் டி-அணுக்களை அழைக்க, இந்தச் சுழல் நிற்காமல் ஓடுகிறது. ‘ஜாக்’ எனப்படும் நொதிகள்தாம் இந்தச் சமிக்ஞைகளை அணுவுக்குள் கொண்டுபோகின்றன. இவ்வளவு தாக்குதலிலும் வேர் சாவதில்லை. முடியைத்தான் கைவிடுகிறது. பல ஆண்டு வழுக்கையாக இருந்த இடத்திலும் புழுவெட்டில் முடி திரும்புவதற்கு இதுவே காரணம்.

ஆக இங்கே எதிர்ப்பு மண்டலம் மெலிந்து படுத்திருக்கவில்லை, தெம்பாகத்தான் இருக்கிறது. அந்தத் தெம்பைச் சொந்த முடியின் மேல் காட்டுகிறது.

இது வெறும் ஊகமென்று யாரும் சொல்லலாம். ஊகத்தைத் தாண்டிய ஆதாரங்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. 2010-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்செலா கிறிஸ்டியானோ குழுவினர் 1,054 நோயாளிகளின் மரபணுவை 3,278 பேரின் மரபணுவோடு ஒப்பிட்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். வேறுபாடு தெரிந்த இடங்களில் பெரும்பாலானவை எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. முதல் வகை நீரிழிவிலும் முடக்குவாதத்திலும் தென்படும் மரபணுக்கள் இங்கேயும் தென்பட்டன. டி-அணுக்களைத் தாக்க வரும்படி அழைக்கும் ஒரு மரபணுக் குடும்பமும் அங்கே முதன்முறையாகப் பிடிபட்டது. 2014-இல் அதே குழு, ஜாக் நொதியைத் தடுக்கும் மருந்தால் எலிகளிலும் பின்னர் சில நோயாளிகளிடமும் முடி திரும்பியதைக் காட்டியது. அதே ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரெட் கிங்கும் பிரிட்டனி கிரெய்க்லோவும் 25 வயது இளைஞர் ஒருவரின் கதையை எழுதினார்கள். உடம்பில் எங்குமே முடியில்லாத அவருக்குச் சோரியாசிஸும் இருந்தது. முடக்குவாதத்துக்குத் தரும் டோஃபாசிட்டினிப் மாத்திரையைக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் வந்துவிட்டன.

ஒருவர் கதை ஒருவர் கதைதான். சரியான சோதனை 2022-இல் வந்தது. பாரிசிட்டினிப் என்ற மருந்தை வைத்து இரண்டு ஆய்வுகள், மொத்தம் 1,200 பேர். தலைமுடியில் பாதிக்கு மேல் இழந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். மருந்தை அதிக அளவில் எடுத்தவர்களில், 36 வாரத்தில் தலையின் ஐந்தில் நான்கு பங்காவது முடி மூடியவர்கள் முதல் ஆய்வில் 38.8 விழுக்காடு, இரண்டாவதில் 35.9. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 6.2, 3.3. அந்த ஆண்டு ஜூன் மாதமே அமெரிக்கா இதைக் கடுமையான புழுவெட்டுக்கு அங்கீகரித்தது. அடுத்த ஆண்டு ரிட்லிசிட்டினிப், 12 வயதிலிருந்து கொடுக்கலாம் என்ற அனுமதியோடு வந்தது. இரண்டுமே எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள்.

மறுபக்கச் சோதனையும் நடந்திருக்கிறது, யாரும் திட்டமிடாமலே. எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கை விடுவித்துப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். எதிர்ப்பை உண்மையிலேயே ஏற்றுகிற சரக்கு எதுவென்றால் அதுதான். புட்டியில் விற்கும் பச்சைச் சாறு இல்லை. அந்த மருந்தை எடுத்தவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குப் புழுவெட்டு புதிதாக வந்தது. கல்லீரல் அழற்சிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்திலும் முடி கொட்டுவது தெரிந்த பக்கவிளைவு. அடக்கினால் வளர்கிறது, ஏற்றினால் கொட்டுகிறது. ஒரு கூற்றைச் சோதிக்க இதைவிட நேரான வழி கிடைப்பது அரிது.

இந்த இடத்தில் இன்னொரு வாதத்தையும் சேர்த்துக்கொள்ள ஆசை வரும். சிறுநீரகம் மாற்றியவர்கள் எதிர்ப்பை அடக்கும் மருந்தில்தான் வாழ்கிறார்கள். சைக்ளோஸ்போரின் எடுத்தவர்களுக்கு வழுக்கை விழாமல் முகத்திலும் கையிலுமாக முடி அடர்ந்து வந்தது. பார்த்தீர்களா, என்று கேட்கலாம். நான் கேட்கமாட்டேன். சைக்ளோஸ்போரின் முடிக்குழியின் மேல் நேரடியாகவும் வேலை செய்கிறது. அதே வேலைக்குத் தரும் டாக்ரோலிமஸ் சிலருக்கு முடியைக் கொட்டவைக்கிறது, மெத்தோட்ரெக்சேட்டும் அப்படியே. மருந்தின் விஷக்குணமும் எதிர்ப்பு அடங்கியதும் கலந்து கிடக்கும் இடத்தில் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி தேட முடியாது.

எதிர்த்தரப்பிடம் ஒரு நல்ல வாதமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எதிர்ப்பு மண்டலத்தில் உண்மையான குறைபாட்டோடு பிறக்கிறவர்கள் சிலருக்குப் புழுவெட்டும் சேர்ந்தே வருகிறது. ஏர் எனும் ஒரே மரபணு பழுதாகிப் பல சுரப்பிகள் கெடும் ஓர் அரிய நோயில், மூவரில் ஒருவருக்கு இப்படி முடி போகலாம். அவர்களுக்கு வாயில் பூஞ்சைக் காளான் தொற்றும் விடாமல் வரும். தொற்றை எதிர்க்கத் திராணியில்லை, முடியும் இல்லை. அப்படியானால் குறைவுதானே காரணம்? அந்த மரபணுவின் வேலையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். தைமஸ் சுரப்பியில் வளரும் டி-அணுக்களுக்கு உடம்பின் சொந்தப் புரதங்களைக் காட்டி, அவற்றோடு மோதுகிறவற்றை அங்கேயே கழித்துவிட அது உதவுகிறது. பழுதானால் கழிபட வேண்டியவை வெளியே வந்துவிடுகின்றன. காளான் தொற்றுகூட, தற்காப்புக்கான சொந்தச் சுரப்புகளையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்களால் வருவது. இங்கே போனது பகுத்தறியும் பயிற்சி. சத்துப் பவுடரில் அணுக்களைக் கூட்டினாலும் அந்தப் பயிற்சி வந்துவிடாது.

பொதுஜனப் பேச்சுக்கு ஓரளவு நியாயம் கிடைக்கும் இடம் வேறு. அது காய்ச்சலுக்குப் பிந்தைய முடி உதிர்வு. நாட்டில் டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். 2019-இல் மலேசியா முழுவதும் 130,101 பேருக்கு டெங்கி கண்டது. 2023-இல் 123,133 பேருக்கு. டெங்கியிலிருந்து எழுந்தவர் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை வாரும்போது கைநிறைய முடி வருவதைக் கண்டு நடுங்கிப்போகிறார். கோவிட்டுக்குப் பிறகும் இதையே பார்த்தோம். பிரசவம், பெரிய அறுவை, கடுமையான பட்டினி ஆகியவற்றுக்குப் பிறகும் நடக்கும். தலைமுடியில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்பருவத்தில் இருக்கும். உடம்பு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தால் அதில் ஒரு பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுப் பருவத்துக்குத் தள்ளப்பட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துச் சேர்ந்து உதிர்கிறது. தலை முழுக்கப் பரவலாக மெலியும்; வட்டம் வட்டமாகப் போகாது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்தில் சரியாகிவிடும்.

இதை “உடம்பு பலவீனமானதால் கொட்டியது” என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இரும்புச்சத்தோ புரதமோ குறைந்திருந்தால் அதை ஈடுசெய்வதும் சரியே. ஆனால் “எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்” என்று சொல்வதற்கு இங்கேயும் இடமில்லை. காய்ச்சல் கொதித்த அந்த நாட்களில் எதிர்ப்பு மண்டலம் முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முடி அதிகம் கொட்டும் மூன்றாவது மாதத்தில் ஒருவர் ‘பூஸ்டர்’ வாங்குகிறார், ஆறாவது மாதத்தில் முடி வருகிறது. வாங்காதவருக்கும் ஆறாவது மாதத்தில்தான் வருகிறது. எதிர்ப்புச் சக்தி வியாபாரத்தின் நன்றிக் கடிதங்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

விளைவு கடுமையாகும் இடம் லூபஸ். எதிர்ப்பு மண்டலம் தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம் என்று உடம்பையே பல முனைகளில் தாக்கும் நோய் அது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களையே அதிகம் பிடிக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத அமைப்புகள் 2019-இல் வகுத்த புள்ளி முறையில், தழும்பில்லாத முடி உதிர்வுக்கு 2 புள்ளி. மொத்தம் 10 புள்ளி சேர்ந்தால் லூபஸ் என்று வகைப்படுத்துவார்கள். அதாவது முடி தனியாக எதையும் நிரூபிக்காது. மற்ற அறிகுறிகளோடு நின்றால் சாட்சியாகிவிடும். கன்னத்தில் வெயில் பட்டால் ஏறும் சிவப்பு, காலையில் விரல் மூட்டுகளில் வலி, வாய்ப்புண், சிறுநீரில் நுரை, காரணம் தெரியாத சோர்வு, இவற்றோடு நெற்றியோர முடி காய்ந்து முறிந்தால், அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை. நம் பக்கம் மறுநடவு செய்த செம்பனைத் தோட்டத்தில் நிழலே இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு வெயில் ஒரு தவிர்க்க முடியாத சங்கதி. லூபஸைத் தூண்டுவதில் வெயிலுக்குப் பெரிய பங்குண்டு.

லூபஸின் ஒரு வகை தலைத்தோலில் வட்டத் தழும்பாக இறங்கும். புழுவெட்டில் சொன்ன ஆறுதல் இங்கே செல்லாது. அழற்சி வேரையே தின்று, அந்த இடத்தில் தழும்பு விழுந்துவிட்டால் முடி அங்கே முளைக்கவே முளைக்காது. சிகிச்சை நோயை நிறுத்துமே தவிர, போனதைக் கொண்டுவராது. பவுடரில் கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் இங்கே விலை இருக்கிறது. போதாக்குறைக்கு, எதிர்ப்பைத் தூண்டும் என்று விற்கப்படும் சிலவற்றைத் தொடவேண்டாம் என்று லூபஸ் நோயாளிகளுக்கு மருத்துவர்கள் சொல்வதுண்டு. எக்கினேசியா அதில் ஒன்று. அல்ஃபால்ஃபா இன்னொன்று, அதன் முளையிலுள்ள கனவனைன் எனும் பொருள் குரங்குகளிடம் லூபஸ் போன்ற நோயை வரவைத்ததை 1980-களின் தொடக்கத்திலேயே கண்டிருக்கிறார்கள். நம் ஊரில் அல்ஃபால்ஃபா வீட்டு வாசலுக்கே வரும் சரக்கு.

தைராய்டு பற்றி ஒரு வார்த்தை. எதிர்ப்பு அணுக்கள் தைராய்டு சுரப்பியைத் தாக்கி அதன் சுரப்பு குறைந்தாலும் மிஞ்சினாலும் முடி மெலியும். அங்கே முடியைத் தாக்குவது எதிர்ப்பு மண்டலமில்லை; சுரப்பின் ஏற்ற இறக்கம்தான். புழுவெட்டு உள்ளவர்களிடம் தைராய்டுக் கோளாறு சற்று அதிகம் காணப்படுவதால் டாக்டர்கள் அதையும் சோதிப்பார்கள். இங்கேதான் முடிக்காக எல்லோரும் விழுங்கும் பயோட்டின் மாத்திரை குழப்படி செய்கிறது. பெரிய அளவில் எடுத்தால் அது சில ஆய்வுக்கூடப் பரிசோதனைகளைப் பொய்யாக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் 2017-இல் எச்சரித்தது. தைராய்டு பரிசோதனை அந்தப் பட்டியலில் உண்டு. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் பரிசோதனையும் உண்டு. ரத்தம் கொடுக்கப் போகிறவர் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இனி இரண்டாவது கூற்று. காரணம் தவறென்றாலும் நம் மருந்துகள் வேலை செய்கின்றனவா? சின்ன வெங்காயத்தை அறுத்துத் தேய்ப்பது, பூண்டு தேய்ப்பது, ஆற்றுத்தும்மட்டிக் காயை வெட்டித் தேய்ப்பது. இவற்றைப் பாட்டி வைத்தியமென்று சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. வெங்காயத்துக்கு ஒரு மருத்துவச் சோதனையே உண்டு. 2002-இல் பாக்தாத் தோல் மருத்துவர்கள் ஷர்குவியும் அல் ஒபைதியும் வெளியிட்டது. 23 பேர் வெங்காயச் சாற்றை நாளைக்கு இருமுறை தடவினார்கள்; 15 பேர் வெறும் குழாய்த் தண்ணீரைத் தடவினார்கள். ஆறு வாரத்தில் வெங்காயக் குழுவில் 20 பேருக்கு முடி முளைத்தது. எட்டு வாரத்தில் தண்ணீர்க் குழுவில் இரண்டே பேருக்கு. 86.9-க்கு எதிராக 13 விழுக்காடு. பாரிசிட்டினிப்பே வெட்கப்படும் எண்கள்.

எண்கள் இவ்வளவு அழகாக இருக்கும்போதுதான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் கோளாறு மணம். எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது தடவியவருக்கும் தெரியும், பக்கத்தில் நின்றவருக்கும் தெரியும். தண்ணீருக்கு வெங்காய வாடை வராது. நம்பிக்கையோடு தடவியவர் ஒருநாள் விடாமல் தடவுவார், தண்ணீர் தடவியவர் சலித்துப்போவார். இரண்டாவது, ஆட்கள் குறைவு. மூன்றாவது, இரண்டு குழுவும் ஒரே மாதிரி இல்லை. வெங்காயக் குழுவின் சராசரி வயது 22.7, தண்ணீர்க் குழுவுக்கு 18.3, மூன்று வயதுக் குழந்தைகூட அதில் இருந்தது. சின்ன வயதில் வரும் புழுவெட்டு பொதுவாகப் பிடிவாதம் அதிகமுள்ளது. ஆக ஒப்பீடு தொடக்கத்திலேயே சாய்ந்துவிட்டது. நான்காவதுதான் பெரியது. இதில் சேர்ந்தவர்கள் திட்டுத் திட்டாக முடி போனவர்கள். அந்த நிலையில் ஒன்றுமே செய்யாவிட்டாலும் மூவரில் ஒருவருக்கோ இருவரில் ஒருவருக்கோ ஓர் ஆண்டுக்குள் முடி தானாக வந்துவிடும். பாரிசிட்டினிப் ஆய்வில் பாதித் தலைக்கு மேல் போனவர்களை, அதுவும் ஆறு மாதத்துக்கு மேலாக அப்படியே இருந்தவர்களை மட்டும் சேர்த்ததால்தான் வெற்று மாத்திரைக்காரர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு விழுக்காடுதான் தேறியது. அங்கே வந்த 38 இங்கே வந்த 86-ஐவிடக் கனமானது. எண்ணின் உயரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

அப்படியென்றால் வெங்காயம் பொய்யா? அப்படியும் சொல்லமாட்டேன். தோல் மருத்துவர்களே டிபிசிபி என்றொரு வேதிப்பொருளைத் தலையில் தடவி, வேண்டுமென்றே மிதமான ஒவ்வாமையை உண்டாக்கி, முடி வளரவைக்கிறார்கள். தோலில் வேறொரு சச்சரவைக் கிளப்பி, வேரைச் சூழ்ந்த அணுக்களின் கவனத்தைத் திருப்புவதாக ஒரு விளக்கம் உண்டு. வெங்காயமும் பூண்டும் தும்மட்டியும் தோலை எரிச்சலூட்டும் பொருள்கள். ஆகவே அவை ஓரளவு பலித்தால் அதற்கு நியாயமான வழி இருக்கிறது. அந்த வழியில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஏறவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திசைதான் மாறுகிறது. நம் பாட்டிமார் கையிலிருந்த மருந்து, அதற்கு இன்று ஒட்டப்படும் விளக்கச் சீட்டைவிட மேலானது என்று சொல்வேன். நிரூபணம் போதாது, தடவுவதானால் தோல் வெந்து புண்ணாகாமல் தடவலாம். குழந்தையின் தலையென்றால் தொடவேண்டாம். குழந்தைக்கு வட்டமாக முடி போய், செதிலும் முறிந்த முடியும் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், பூனையிடமிருந்துகூடத் தொற்றும். அதற்கு வாரக்கணக்கில் பூஞ்சை மாத்திரை கொடுக்க வேண்டும்.

மரபு மருத்துவத்தை மொத்தமாகக் குற்றம் சொல்லவும் நான் வரவில்லை. 2016-ஆம் ஆண்டின் 775-ஆம் சட்டம் பாரம்பரிய இந்திய மருத்துவத்தை மலேசியாவின் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. என் வழக்கு புட்டிகளோடுதான். பாரம்பரிய மருந்தாகப் பதிவானதற்கு எம்ஏஎல் எண் இருக்கும், கடைசியில் டி எழுத்து. தலைக்குத் தேய்க்கும் அழகுப் பொருளுக்கு என்ஓடி என்று தொடங்கும் எண். அழகுப் பொருளாக அறிவிக்கப்பட்ட எண்ணெய் எந்த நோயையும் குணப்படுத்துவதாகச் சொல்ல அதற்கு உரிமை கிடையாது. மருந்து விளம்பரத்துக்கு கேகேஎல்ஐயூ அனுமதி எண் வேண்டும். இந்த மூன்றும் இல்லாத புட்டி பேசும் பேச்சு அதன் சொந்தப் பொறுப்பு.

எண் இல்லாத சரக்கில் ஒரு குரூரமான வேடிக்கையும் உண்டு. பதிவில்லாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருந்ததையும், பூசும் பொருள்களில் பீட்டாமெத்தசோன் கலந்திருந்ததையும் நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. இரண்டும் ஸ்டீராய்டுகள், எதிர்ப்பை அடக்குகிறவை. எதிர்ப்பை ஏற்றும் என்று எழுதிய புட்டியில் அடக்கும் மருந்து இருந்தால் முடி வளரவே செய்யும், மூட்டு வலியும் பறந்துவிடும். வாங்கியவர் ஊரெல்லாம் புகழ்வார். மாதங்கள் கழித்து முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினால் உடம்பே சரிந்துவிடலாம். லூபஸ் இருப்பதை அது மறைத்தும்விடும்.

மாத்திரைப் பக்கத்துக்கும் முழு மதிப்பெண் போட முடியாது. பாரிசிட்டினிப் ஆய்வில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு 36 வாரத்தில் அந்த அளவு முடி வரவில்லை என்பதும் அதே எண்களில்தான் இருக்கிறது. நிறுத்தினால் பலருக்கு மறுபடி கொட்டுகிறது. கடுமையான தொற்று, ரத்தக் கட்டி, மாரடைப்பு, சில புற்றுநோய்கள் பற்றிய எச்சரிக்கையைப் பெட்டிமேல் கட்டம் போட்டு அச்சிடச் சொல்லியிருக்கிறார்கள். தொடங்குவதற்கு முன் காசநோயும் மஞ்சள் காமாலைக் கிருமியும் உடம்பில் ஒளிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மலேசியாவில் இரண்டுமே இன்னும் இருக்கும் நோய்கள். விலையும் எட்டாத உயரம். ஒரு காசு அகலத் திட்டுக்கு இந்த மருந்தைக் கேட்கிறவர் கொசுவை விரட்ட வீட்டைக் கொளுத்துகிறவர்.

சின்னத் திட்டுக்குப் பழைய வழியே போதும்: வலுவான ஸ்டீராய்டு களிம்பு, அல்லது சில வார இடைவெளியில் அந்த இடத்திலேயே போடும் டிரையாம்சினலோன் ஊசி, அல்லது டாக்டர் பார்வையில் பொறுத்திருத்தல். ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் நடித்த சமீரா ரெட்டி, 2016-இல் தன் பின்னந்தலையில் இரண்டு அங்குல வெற்றிடம் இருந்ததைக் கணவர் பார்த்துச் சொன்னதையும், ஊசிக்குப் பிறகு அது மெல்ல நிரம்பியதையும் 2021-இல் வெளிப்படையாக எழுதினார். முற்றிலும் தீர்க்கும் மருந்து இதற்கில்லை என்று அதிலேயே சேர்த்தும் சொன்னார். விளம்பரப் புட்டிகளில் நான் தேடிக் கிடைக்காத நேர்மை அது.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் முடி போகிறது என்ற கூற்று, புழுவெட்டுக்கும் லூபஸுக்கும் பொருந்தாது; ஆதாரங்கள் நேர் எதிராக நிற்கின்றன. காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வில் உடம்பின் பலவீனம் பற்றிய பாதி உண்மை அதில் இருக்கிறது, அந்த உதிர்வு தானே தீர்வது. ஏற்றினால் முடி வரும் என்ற கூற்றுக்குத் தாங்கும் சான்று ஒன்றும் இல்லை. லூபஸ் உள்ளவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். வெங்காயத்துக்கு மட்டும் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதி, வழக்கைத் திறந்தே வைக்கிறேன்.

வட்டமாக முடி போயிருந்தாலும், பரவலாகக் கொட்டுவது ஆறு மாதம் தாண்டினாலும், தலைத்தோலில் தழும்போ முகத்தில் சிவப்போ மூட்டில் வலியோ சேர்ந்தாலும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. ரத்தப் பரிசோதனையையும் தோல் நிபுணரைப் பார்ப்பதற்கான பரிந்துரைக் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். நிபுணருக்கு ஐந்து வெள்ளி. வீட்டில் சாப்பிடும் பவுடர், மாத்திரை, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோய் டாக்டர் மேசையில் வையுங்கள்.